ரக்சனாவுக்கு நான் கொடுத்த புத்தகங்கள்

ஜூன் 10, திங்கள்

பள்ளி திறந்தது. இருபது வருடத்தில் முதல் முறையாக சாக்பீஸ் இல்லாமல் உள்ளே போனேன். அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு நூலகச் சாவியை வாங்கினேன். பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே 'கோகிலவாணி, நூலகம் (பொறுப்பு)' என்று இருக்கிறது. போன வருடம் 'முதுகலை ஆசிரியர், வேதியியல்' என்று இருந்தது.

இன்று முதல் நடப்பதையெல்லாம் தேதி போட்டு எழுதப் போகிறேன். கையில் எழுத்தில்லாமல் ஒருமுறை மாட்டிக்கொண்டது போதும்.

நடந்தது இது. ஜனவரி 23 அன்று ஆய்வகத்தில் பதினொன்றாம் வகுப்பு பவதாரணியின் வலது கையில் அடர் கந்தக அமிலம் கொட்டியது. குழாயைத் திறந்தேன். சொட்டுத் தண்ணீர் இல்லை. கீழ்த்தளத்திலிருந்து வாளி வருவதற்குள் நான்கு நிமிடம் ஆகிவிட்டது. அந்த மோட்டாரையும் குழாயையும் சரிசெய்யச் சொல்லி அதற்கு முன்பே மூன்று கடிதம் கொடுத்திருந்தேன். மூன்றும் திருமூர்த்தி சார் கைக்குப் போயின. அவர் தாளாளரின் தம்பி. பள்ளியின் அகாடமிக் டைரக்டர்.

பிப்ரவரியில் பெற்றோர் கூட்டம். அறுநூறு பேர். கூட்டத்துக்கு முந்தின நாள் கடித நகல்கள் இருந்த என் கோப்பு பீரோவிலிருந்து காணாமல் போனது. மறுநாள் திருமூர்த்தி சார் மைக்கை என் கையில் கொடுத்தார். 'என் கவனக்குறைவால் நடந்தது' என்று சொல்லவைத்தார். அதன்பிறகு அவரே மைக்கை வாங்கி, "டீச்சர் மனசு நொந்து போயிருக்காங்க. வேலைய விட்டெல்லாம் அனுப்ப வேண்டாம். வர்ற வருசம் லைப்ரரில இருக்கட்டும்" என்றார். பெற்றோர் கைதட்டினார்கள். அவருடைய பெருந்தன்மைக்கு.

நான் ராஜினாமா செய்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். செய்ய மாட்டேன்.

ஜூன் 13, வியாழன்

கனடாவில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் ஐந்து பெட்டி நிறையப் புத்தகம் அனுப்பியிருக்கிறார். போட்டோகிராபரோடு வந்தார் திருமூர்த்தி சார். ஒரு பெட்டி மேல் கை வைத்துச் சிரித்தார்.

"மேடம், இப்ப பெரிய ஸ்கூல்ல எல்லாம் ரீடிங் புரோகிராம் வந்துருச்சுங்க. நீங்க ஒரு லிஸ்ட் போடுங்க. நைன்த்துக்கும் லெவன்த்துக்கும். எந்தப் புள்ளைக்கு எந்தப் புக்குன்னு எழுதிக் குடுத்துருங்க."

"என்ன மாதிரி புத்தகம் குடுக்கறதுங்க சார்?"

"கதைதானுங்களே? எதையாச்சும் குடுங்க. கதையில என்ன கெட்டுப் போகுது."

சரிங்க சார் என்றேன்.

ஜூன் 16, ஞாயிறு

ஐந்து பெட்டியில் பாதி மந்திர உலகக் கதைகள். பேசும் நாகங்கள், சபிக்கப்பட்ட அரண்மனைகள். மறுபாதி வேறு மாதிரி. எதிர்காலத்தில் ஒரு நகரம் இருக்கும். எல்லாருக்கும் நல்லது செய்கிறோம் என்று சொல்லியே எல்லாரையும் நசுக்குவார்கள். 'டிஸ்டோபியா' என்று பின்னட்டையில் போட்டிருக்கிறது.

நான் கடைசியாக நாவல் படித்தது கல்லூரியில். இன்று இட்லிக்கு ஊறப்போட்டுவிட்டு 'மணிக்கூண்டு நகரம்' என்ற ஒன்றைச் சும்மா புரட்டினேன். நிமிர்ந்தபோது நாலரை மணி. அரிசி ஊறிப் புளித்துப் போயிருந்தது.

அந்த நகரத்தில் மணியடித்தால் எழ வேண்டும், மணியடித்தால் சாப்பிட வேண்டும். ஊர் நடுவில் ஒரு பலகை. அதில் எல்லாருடைய எண்ணும் வரிசையாக இருக்கும். 'ஏன்' என்று கேட்டவனின் எண் கீழே இறங்கும். கடைசிக்கு வந்தால் மதிலுக்கு வெளியே.

எங்கள் பள்ளியில் தரவரிசைப் பலகை முதல் மாடியில் இருக்கிறது.

ஜூன் 17, திங்கள்

பதினொன்றாம் வகுப்பு 'ஏ' பிரிவு, வரிசை எண் 31: ரக்சனா. திருமூர்த்தி சாரின் ஒரே மகள்.

ஜூன் 18, செவ்வாய்

'ஏ' பிரிவுக்கு வாரம் ஒரு நூலக வகுப்பு, செவ்வாய் நான்காம் பீரியட். நாற்பத்திரண்டு பேர். நல்ல புத்தகம் என்று சொல்லி ஒன்றை நீட்டினேன். முன் வரிசையே கொட்டாவி விட்டது. அடுத்ததற்கு வேறு மாதிரி சொன்னேன்: "இதுல வர்ற புள்ளைக்கு ரெண்டே வழி. தன்னோட சிநேகிதியக் காட்டிக் குடுக்கணும், இல்லாட்டித் தானே போகணும். எதப் பண்ணுவான்னு நான் சொல்ல மாட்டேன்." ஏழு கை நீண்டது. இருபது வருடம் மூலக்கூறு எடை சொல்லிக்கொடுத்து ஏழு கையை ஒன்றாகப் பார்த்ததில்லை.

31ஆம் எண்ணுக்கு 'மணிக்கூண்டு நகரம்'. எல்லாருக்கும் எழுதுவது போலவே நூலக அட்டையில் ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். அவள் ஒல்லியாக, கண்ணாடி போட்டு, அப்பாவின் அதே மூக்கோடு இருக்கிறாள். "தேங்க்ஸுங்க மிஸ்" என்றாள்.

அமிலத்தைத் தண்ணீரில் சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும். அவசரப்பட்டால் நம் முகத்திலேயே தெறிக்கும்.

ஜூன் 27, வியாழன்

பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

ஜூலை 2, செவ்வாய்

ரக்சனா புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

"எப்பிடி இருந்துச்சு?"

"பயமா இருந்துச்சுங்க மிஸ். அந்த மணிக்கூண்டு மேல உக்காந்திருக்கறவரு கெட்டவரே இல்லீங்க. எல்லாருக்கும் நல்லதுதான் பண்றோம்னு நெசமாவே நம்பறாரு. அதான் பயம்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. வாசல் வரை போனவள் திரும்பினாள்.

"நம்ம ஸ்கூல்ல ஒரு நாளைக்குப் பதினேழு தடவ பெல் அடிக்குதுங்க மிஸ். எண்ணிப் பாத்தேன்."

அடுத்தது கொடுத்தேன். 'வற்றிய நதியின் இளவரசி'. மந்திரக் கதை. ஓர் அரசன் ஊரின் ஆற்றைப் பிடித்து ஒரு குடத்தில் அடைத்து வைத்திருப்பான். ஊர் தாகத்தில் சாகும். அவன் மகளுக்கு மட்டும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது.

எவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுத்தேன் என்று அவளுக்குத் தெரியாது.

ஜூலை 8, திங்கள்

சரசக்கா நூலகத்தைக் கூட்ட வந்தாள். பள்ளி விட்டதும் திருமூர்த்தி சார் வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போகிறவள். நான் எதுவும் கேட்கவில்லை. டீ மட்டும் வாங்கிக் கொடுத்தேன்.

"டீச்சர், அந்தப் புள்ளைக்கு என்னமோ ஆயிப்போச்சுங்க. நேத்து டைனிங் டேபிள்ல, 'ஏம்ப்பா, ஹாஸ்டல் புள்ளைங்களுக்கு எதுக்கு வாரத்துல ஒருக்காத்தான் போன்'னு கேட்டுச்சு. சாரு, 'படிப்புக் கெட்டுப் போகும்'னாரு. 'அப்ப எனக்கு மட்டும் ஏன் தினமும்'னு கேட்டுச்சு. அவ்வளவுதானுங்க, சத்தம் போட்டாரு. புள்ள சோத்துத் தட்டத் தள்ளிட்டு எந்திரிச்சுப் போயிருச்சு."

"அப்பிடியா" என்றேன்.

இன்று எனக்கு நன்றாகப் பசித்தது. மத்தியானம் இரண்டு முறை சாதம் போட்டுக்கொண்டேன்.

ஜூலை 14, ஞாயிறு

கதிரேசன் கடைக்குப் போகாமல் வீட்டிலேயே ஒரு மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தார். என் கணவருக்கு ஞாயிறும் திங்களும் ஒன்றுதான். அதற்குக் கம்பி சுற்றிக்கொண்டே கேட்டார்.

"ஏன் வாணி, அந்தச் சாரோட புள்ளைக்குப் புக்குக் குடுக்கறயாமா?"

"எல்லாப் புள்ளைக்குந்தான் குடுக்கறேன்."

"அவங்கப்பன் பண்ணுனதுக்கு அவ என்ன பண்ணுவா?"

"நான் புத்தகந்தான் குடுக்கறேன். வெசமா குடுக்கறேன்?"

அவர் கம்பியைக் கீழே வைத்தார். அப்புறம், "அன்னைக்குக் காலைல எனக்குப் போன் பண்ணி, லேப்ல தண்ணி வர்ல, ஒரு எட்டு வந்து மோட்டாரப் பாருங்கன்னு சொன்னயே. நான் வந்திருக்கோணும். பவானியில வேல இருந்துச்சுன்னு வராம உட்டுட்டேன்" என்றார்.

அவருக்கு எப்போதும் நாள் குழம்பும். அந்தப் போன் அதற்கு முந்தின வாரம் செய்தது. அப்படித்தான் அவரிடம் சொன்னேன்.

மாலையில் துணி மடித்தேன். தேங்காய் நான்கு விழுந்திருந்தது.

ஜூலை 16, செவ்வாய்

நூலகத்துக்கு வெளியே வரிசை நிற்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, "மிஸ், நாகம் வர்ற கதைல சோகமா ஒண்ணு குடுங்க" என்கிறாள். இன்னொருத்திக்கு மதிலேறித் தப்பிக்கிற கதை வேண்டும், ஆனால் பிடிபடக்கூடாது. எது யாருக்குப் பொருந்தும் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிகிறது எனக்கு. அழுதுவிட்டு வந்த பிள்ளைக்கு மந்திர உலகம். கோபத்தோடு வந்த பிள்ளைக்கு மதில் சூழ்ந்த நகரம். மாறிப் போனால் மறுநாளே திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள்.

மற்றப் பிள்ளைகளுக்குப் புத்தகம் தேடும்போது திருமூர்த்தி சாரை மறந்துவிடுகிறேன். இது நல்லதில்லை.

ஜூலை 23, செவ்வாய்

ரக்சனா மூன்றாவது புத்தகத்தையும் முடித்துவிட்டாள். வகுப்பு முடிந்து எல்லாரும் போனபிறகு நின்றாள்.

"மிஸ், போன வருசம் கையில ஆசிட் பட்டுச்சே, அந்த அக்கா இப்ப எங்கீங்க?"

"பவதாரணியா? கவர்மென்ட் ஸ்கூல்ல. இடது கையில எழுதப் பழகறாளாம்."

"அது உங்க தப்புன்னு அப்பா சொன்னாரு."

"நீ என்ன நெனைக்கற?"

"தண்ணி ஏன் வரலைங்க மிஸ்?"

ஐந்து மாதமாக இந்த ஊரில் ஒருவர்கூட என்னைக் கேட்காத கேள்வி. அதை அவர் மகள் கேட்டாள். மூன்று கடிதத்தையும் பற்றிச் சொன்னேன். தேதியோடு சொன்னேன். அக்டோபர் 9, நவம்பர் 20, ஜனவரி 4. "கடுதாசி இப்ப எங்கீங்க?" என்றாள். தெரியாது என்றேன். அது உண்மை.

அவள் முகம் வெளுத்துப் போயிற்று. அதை நான் நன்றாகப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இன்று ரக்சனாவுக்குக் கொடுத்தது 'பூட்டிய அறையின் சூனியக்காரி'. தகப்பன் பூட்டி வைத்திருக்கும் அறையை மகள் திறக்கும் கதை. அட்டையில் எழுதினேன்: 'சாவி எங்கே இருக்கும் என்று இந்தப் பெண்ணுக்கு எப்போதும் தெரியும். எடுக்கலாமா என்பதுதான் தெரியாது.'

எடு என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. இதைத் தேதி போட்டு எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றம். சுதந்திரத்தைப் பற்றி இருபத்தைந்து நிமிடம் பேசினார் திருமூர்த்தி சார். வெயிலில் மூன்று பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்த ரக்சனா அப்பாவைப் பார்க்கவே இல்லை. பேச்சின் நடுவில் அவர் இரண்டு முறை அவளைத் திரும்பிப் பார்த்தார். என் வாழ்நாளில் நான் பார்த்த மிக நல்ல சுதந்திர தின விழா.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். நூலகத்தில் நானும் ரக்சனாவும் மட்டும். ஓவிய நோட்டுக்குள் வைத்து ஒரு பச்சைக் கோப்பைக் கொண்டுவந்திருந்தாள். என் கோப்பு. அப்பாவின் அலுவல் அறை மேசையில், வருமான வரிக் காகிதங்களுக்குக் கீழே இருந்ததாம்.

மூன்று கடிதங்களும் இருந்தன. என் நகல்களுக்குப் பதிலாக, நான் அவரிடம் கொடுத்த அசல்களே இருந்தன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் அவருடைய பச்சை மை. முதலாவதில் 'பார்த்தேன்'. இரண்டாவதில் 'நீச்சல் குளம் வேலை முடியட்டும்'. மூன்றாவதில் 'பொதுத்தேர்வுக்குப் பிறகு'. கீழே கையெழுத்து, தேதி.

சிரித்துவிட்டேன். சத்தமாகவே சிரித்தேன். "நீ எனக்கு என்ன கொண்டுவந்திருக்கேன்னு உனக்குத் தெரியுமா கண்ணு?" என்றேன். கண்ணு என்று சொன்னேன் அவளை.

அவள் சிரிக்கவில்லை. கோப்பின் அடியிலிருந்து இன்னொரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இதும் அதுக்குள்ளதாங்க மிஸ் இருந்துச்சு."

ஆய்வகத் தினக்குறிப்புப் பதிவேட்டிலிருந்து கிழித்த தாள். ஜனவரி 23. என் கையெழுத்து. 'காலை 8.40. குழாயில் தண்ணீர் இல்லை. டைரக்டரிடம் சொல்லப்பட்டது. பாடம் பாக்கி இருப்பதால் செய்முறை வகுப்பு நடத்த உத்தரவு.'

அமிலம் கொட்டியது 11.15க்கு.

"தண்ணி இல்லைன்னு உங்களுக்குத் தெரியுங்களா மிஸ்?"

"உங்கப்பாதான் நடத்தச் சொன்னாரு."

"அதக் கேக்கலீங்க. உங்களுக்குத் தெரியுமான்னு கேக்கறேன்."

மணி அடித்தது. சாப்பாட்டு நேரம் முடிந்தது. அவள் நகரவில்லை.

"தெரியும்" என்றேன்.

"ஒரு வாளித் தண்ணி எடுத்து வெச்சிருக்கலாமுங்களே."

ஆமாம். வைத்திருக்கலாம். இரண்டு மாடி இறங்கி ஏற வேண்டும். முப்பத்தாறு பிள்ளைகள், ஒரு மணி நேரத்தில் ஆறு உப்புப் பகுப்பாய்வு. என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். தண்ணீர் இல்லாமல் அதற்கு முன்பு நான்கு முறை நடத்தியிருக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை. அவளிடம் இதை எதையும் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

போகும்போது வாசலில் நின்றாள். "மிஸ், எனக்குன்னு பாத்துத்தான இந்தப் புக்கெல்லாம் குடுத்தீங்க? அவரு மகள்னு தெரிஞ்சுதான?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமா" என்றேன்.

"மூணாவது புக்குலயே தெரிஞ்சு போச்சுங்க. கதை நல்லா இருந்துச்சு. அதான் கேக்கல." பிறகு, "குடுக்கறதா இருந்தா நாலையும் குடுங்க மிஸ். இல்லீன்னா எதையும் குடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 21, புதன்

மூன்று தாள் போதும். மூன்று தாள் அவரை முடித்துவிடும். நான்காவது தாளைப் பற்றித் தெரிந்தவர்கள் மூன்றே பேர். அவர் வாயைத் திறக்க முடியாது, அவர் உத்தரவும் அதில்தான் இருக்கிறது. ரக்சனா குழந்தை.

இப்போதுதான் புரிகிறது, என்னை ஏன் வேலையைவிட்டு அனுப்பவில்லை என்று. என் கழுத்துக்கு அவர் கையில் ஒரு கயிறு இருந்திருக்கிறது. அவர் கழுத்துக்கும் அதே கயிறு.

ஆகஸ்ட் 22, வியாழன்

அடுப்புப் பக்கம் அந்தத் தாளோடு நின்றேன். பால் பொங்கி வழிந்தது. துடைத்தேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

கதிரேசனிடம் தாளைக் காட்டினேன். இரண்டு முறை படித்தார். 'அந்தப் போன் அன்னைக்குக் காலைலதான், எனக்கு நாள் குழம்பல' என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், கொஞ்சம் ஆறியிருக்கும்.

"நாலையும் குடுத்தா உனக்கும் வேல போயிரும். கேசு வந்தாலும் வரும்" என்றார்.

"தெரியும்."

"அந்தாளு மேல அவ்வளவு வெறியா உனக்கு?"

யோசித்தேன். மூன்று தாள் கொடுத்தால் அவர் தன் உத்தரவை விட்டுவிட்டு, தண்ணீர் இல்லையென்று டீச்சருக்குத் தெரியும் என்று மட்டும் சொல்லித் தப்பப் பார்ப்பார். நான்கையும் நானே கொடுத்தால் அவர் சொல்வதற்கு ஒன்றுமில்லை. நான் விழுந்தால்தான் அவர் முழுதாக விழுவார்.

"ஆமாங்க. அவ்வளவு வெறி" என்றேன். வேறு காரணம் எதுவும் அவரிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 1, ஞாயிறு

பவதாரணியின் வீடு விசைத்தறிக் கொட்டகைக்குப் பின்னால். அவள் அப்பா தங்கராசு தறியை நிறுத்திவிட்டு வந்தார். ஏப்ரலிலேயே கல்வி அலுவலகத்தில் மனுக் கொடுத்திருந்தார். எழுத்தில் ஏதாவது இருந்தால் கொண்டுவரச் சொல்லியிருந்தார்களாம்.

நான்கு தாளையும் அவர் கையில் கொடுத்தேன். அவர் படிக்கத் தடுமாறினார். பவதாரணி வாங்கிச் சத்தமாகப் படித்தாள். இடது கையால் பிடித்திருந்தாள். வலது கையில் இரண்டு விரல் மடங்கியே இருக்கிறது. நான்காவது தாளைப் படிக்கும்போது அவள் குரல் மாறவில்லை. '8.40' என்பதை மட்டும் இரண்டு முறை படித்தாள்.

தங்கராசு எழுந்து நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எந்திரிச்சுப் போங்கம்மா" என்றார். "தாளு இருக்கட்டும். நீங்க போங்க."

செப்டம்பர் 12, வியாழன்

விசாரணை. அதிகாரி ஒரு பெண். மூன்று மணி நேரம். பச்சை மையில் இருப்பது தன் கையெழுத்து இல்லை என்றார் திருமூர்த்தி சார். அதிகாரி பள்ளிப் பதிவேடுகளை எடுத்து வரச் சொன்னார். நூறு பக்கத்தில் பச்சை மை. பிறகு எதிர்பார்த்தது போலவே, "தண்ணி இல்லைன்னு தெரிஞ்சும் டீச்சர்தாங்க கிளாஸ் நடத்துனது" என்று ஆரம்பித்தார்.

"அதை அவங்களே எழுதிக் குடுத்துட்டாங்களே சார்" என்றார் அதிகாரி.

அந்த நொடியில் திருமூர்த்தி சாரின் முகத்தைப் பார்த்தேன். பிப்ரவரியில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நான் எப்படி இருந்திருப்பேன் என்று இத்தனை மாதம் நினைத்து நினைத்துப் பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தது அது.

திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் தூங்கிவிட்டேன். நிறுத்தம் தாண்டிப் போய் நடந்து வந்தேன்.

செப்டம்பர் 18, புதன்

காலை ஏழு மணிக்கு வீட்டு வாசலில் திருமூர்த்தி சார். கார் இல்லை, ஸ்கூட்டரில் வந்திருந்தார். சவரம் செய்யவில்லை. உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை.

"கோப்ப எடுத்துக் குடுத்தது ஆருன்னு எனக்குத் தெரியும் மேடம்."

வாசற்படியிலேயே நின்றுகொண்டேன்.

"எம்மேல உங்களுக்குக் கோவம். நாயமான கோவம். என்னைய வெட்டியிருக்கலாம். என்ற புள்ளையக் கொண்டு ஏன் வெட்டுனீங்க? எங்கூட அவ பேசி இருபது நாளாச்சு. அத்த வீட்டுக்குப் போறேன்னு பொள்ளாச்சிக்குப் போயிட்டா. இனிமேட்டு அங்கதான் படிப்பாளாமா."

இந்த வார்த்தைகளை அவர் வாயால் கேட்க வேண்டும் என்று ஜூன் மாதத்திலிருந்து காத்திருந்தேன். பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன்: கதைதானுங்களே சார், கதையில என்ன கெட்டுப் போகுது.

சொன்னேன். ஒரு எழுத்துகூடக் குறையாமல் சொன்னேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். ஸ்கூட்டர் இரண்டு உதைக்குக் கிளம்பவில்லை. மூன்றாவதில் கிளம்பியது. ருசித்தது. இல்லை என்று எழுதினால் பொய். ஆனால் பொள்ளாச்சி என்ற சொல் நாள் முழுக்கக் காதில் இருந்தது. ரக்சனாவுக்கு அடுத்து என்ன புத்தகம் என்று நான் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தேன்.

செப்டம்பர் 27, வெள்ளி

திருமூர்த்தி சாரைப் பொறுப்பிலிருந்து நீக்கிவிட்டார்கள். அவர்மேல் வழக்கு. ஆய்வகத்துக்குச் சீல். பவதாரணியின் கைக்கு அறுவை சிகிச்சை முழுவதும் பள்ளியின் பொறுப்பு என்று உத்தரவு.

எனக்கும் பணிநீக்கக் கடிதம் வந்தது. வழக்கில் என் பெயரும் இருக்கிறது, இரண்டாவதாக.

சாவியைக் கொடுக்கப் போனபோது சரசக்கா அழுதாள். தாளாளர் எல்லாக் கதைப் புத்தகங்களையும் எடைக்குப் போடச் சொல்லிவிட்டாராம்.

அக்டோபர் 1, செவ்வாய்

நான்காம் பீரியட் நேரம் வந்ததும் என்னை அறியாமல் எழுந்து நின்றேன். பிறகு உட்கார்ந்தேன்.

கதிரேசன் பழைய பேப்பர் கடைக்குப் போய் ஐந்து பெட்டியையும் மீட்டு டெம்போவில் கொண்டுவந்து இறக்கினார். முன்னறையில் மோட்டார்களுக்கு நடுவே அடுக்கினோம்.

அக்டோபர் 13, ஞாயிறு

மத்தியானம் மூன்று மணி இருக்கும். வாசலில் சைக்கிள் நிற்கும் சத்தம். பவதாரணி. தனியாக வந்திருந்தாள்.

செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றாள். புத்தகங்களை எட்டிப் பார்த்தாள்.

"இங்க புக்கு தர்றீங்கன்னு சொன்னாங்க."

"ஆரு சொன்னா?"

"ரக்சனா. போன்ல. சரசக்கா அதுகிட்டச் சொன்னாங்களாம். என்னத்தப் படிக்கறதுன்னு கேட்டேன். உங்களக் கேக்கச் சொல்லுச்சு."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. அடுத்த மாதம் கோயமுத்தூரில் அறுவை சிகிச்சை. பத்து நாள் படுத்திருக்க வேண்டும், கையை அசைக்கக் கூடாது. அதற்குத்தான் புத்தகம்.

"எந்த மாதிரி வேணும்?"

யோசிக்காமல் சொன்னாள்.

"தப்புப் பண்ணுனவங்க கடைசில நல்லா அனுபவிக்கணும். அந்த மாதிரி. பாவம், மன்னிச்சுட்டாங்கன்னு முடியற கதை வேண்டாம்."

சொல்லிவிட்டு நேராக என் முகத்தைப் பார்த்தாள். மரியாதையில்லாமல் இல்லை. மறைக்காமல் பார்த்தாள். தப்புப் பண்ணுனவங்க என்றால் யார் யார் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்கு அவள் வரவில்லை. அவள் கேட்டது ஒரு புத்தகம்.

எழுந்து தேடினேன். இரண்டு பெட்டிகளை முழுசாகக் கலைத்தேன். மதில் நகரத்துக் கதை ஒன்று இருந்தது, கடைசியில் சமாதானமாகிவிடுவார்கள். தள்ளி வைத்தேன். நாகத்தின் சாபம் பற்றி ஒன்று, அதில் ஒருவன் தப்பித்துவிடுவான். அதுவும் வேண்டாம். மூன்றாவது பெட்டியின் அடியில் 'கரிநிலத்து ராணி' கிடைத்தது. ஊரையே எரித்தவர்களை ஒரு பெண் ஒவ்வொருவராகத் தேடிப் போகிறாள். அரசனை மட்டும் இல்லை, அவன் சொன்னதைக் கேட்டுத் தீ வைத்தவர்களையும். ஒருவரையும் விடமாட்டாள். நான் படித்த புத்தகங்களில் இதைத்தான் நடுவில் மூடி வைத்தேன், பிறகு எடுத்து முடித்தேன்.

நீட்டினேன். இடது கையால் வாங்கி, கடைசிப் பக்கத்தைப் பார்க்காமல் தடிமனைப் பார்த்தாள்.

"அவங்கெல்லாம் சீக்கிரம் செத்துர மாட்டாங்கல்ல?"

"மாட்டாங்க கண்ணு" என்றேன். "நானூறு பக்கம் ஆகும்."